வறண்ட கண்: கண்டதும் கருதியதும்

மகிழ்ச்சியின் மிகுதியைச் சொல்லத் தமிழர் ‘கண் குளிரக் கண்டேன்’ என்பர். அரபு மொழியிலோ அன்புக்குரிய பிள்ளையைக் ‘குர்ரத்துல் ஐன்’ என்று அழைப்பர். கண்ணின் குளிர்ச்சி என்பது அதன் பொருள். மகிழ்ச்சியில் பெருகும் கண்ணீர் குளிர்ந்தது, துயரத்தில் பெருகும் கண்ணீர் சுடுவது என்று அரபு அகராதி ஆசிரியர்கள் இதற்கு விளக்கம் கூறுவர். வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த இரு மொழிகள், கண்ணுக்கு நலம் குளிர்ச்சியே, ஈரமே என்ற ஒரே கருத்தில் வந்து சேர்ந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

இந்த ஈரம் குறைவதால் நேரும் நோயைத்தான் இன்றைய மருத்துவர்கள் ‘வறண்ட கண்’ என்கின்றனர். கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், எரிச்சல், இமையின் கனம், படித்துக்கொண்டிருக்கும்போதே எழுத்து மங்குதல் ஆகியவை இதன் குறிகள். ஐம்பதைக் கடந்தோர் பலரும், குறிப்பாகப் பெண்களும், இதனை ‘வயதாகிவிட்டது’ என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுகின்றனர். இந்நோயை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. கண்ணால் கண்டது எது, மனத்தால் கருதிக்கொண்டது எது என்று பிரித்தறிவதற்கு மருத்துவ உலகம் எவ்வளவு பாடுபட்டது என்பதை அவ்வரலாறு காட்டுகிறது. அந்தப் பிரித்தறிதல் இன்று நம் இல்லங்களிலும் வேண்டப்படுகிறது.

கஹ்ஹால்களின் காலம்

அரபு மொழியில் கண் மருத்துவனுக்குக் ‘கஹ்ஹால்’ என்று பெயர். ‘குஹ்ல்’ என்றால் கண்ணுக்கு இடும் மை. மை இடுபவன் என்ற பொருளுடைய சொல்லே, அப்பாஸியர் காலத்தில் ஒரு பெரும் மருத்துவத் துறையின் பெயராக வளர்ந்தது. கிரேக்க நூல்களை அரபு மொழிக்குக் கொண்டுவந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809-873) கண்ணைப் பற்றிப் பத்துக் கட்டுரைகள் கொண்ட நூல் ஒன்றை யாத்தார். ஹீராவைச் சேர்ந்த கிறிஸ்தவரான இவருக்குப் பக்தாதின் அறிவுலகம் அளித்த மதிப்பு பெரிது. அந்நூலை மேக்ஸ் மேயர்ஹோஃப் என்னும் அறிஞர் 1928ஆம் ஆண்டில் கெய்ரோவில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார்.

ஹுனைனுக்குப் பின் பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா, கண் மருத்துவர்களுக்கென்றே ‘தத்கிரத்துல் கஹ்ஹாலீன்’ என்னும் கையேட்டை எழுதினார். கண்ணின் அமைப்பு, வெளியே தெரியும் நோய்கள், உள்ளே மறைந்திருக்கும் நோய்கள் என்று மூன்று பகுதிகளாக அதை வகுத்து, நூற்று முப்பது அளவிலான கண் நோய்களைக் குறித்தார். பல நூற்றாண்டுகள் கண் மருத்துவர்களின் கையில் இருந்த இந்நூலின் அரபு மூலத்தை, ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனம் 1964ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டது. பக்தாதில் எழுந்த நூல் தக்காணத்தில் அச்சேறியது நமக்குப் பெருமை தரும் செய்தி.

நம் பொருளுக்கு மிக நெருங்கிய குறிப்பு இப்னு ஸீனாவின் (980-1037) ‘அல்கானூன்’ நூலில் உள்ளது. அதன் மூன்றாம் புத்தகத்தில் கண் நோய்களுக்கெனத் தனிப் பகுதி உண்டு. அங்கே இமைகளைப் பற்றும் ‘ஜஸா’ என்னும் நோய் விவரிக்கப்படுகிறது. விறைப்பு, கடினம் என்பது அச்சொல்லின் பொருள். மூடிய இமை திறக்கவும் திறந்த இமை மூடவும் சிரமப்படும். வலியும் சிவப்பும் இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஈரம் இராது. உறக்கத்திலிருந்து விழிக்கும்போது கண் எளிதில் திறவாது. காய்ந்து இறுகிய பீளை ஆங்காங்கே காணப்படும் என்று அவர் எழுதுகிறார். வறட்சியால் வந்ததாயின், வெதுவெதுப்பான நீரில் தோய்த்த கடற்பஞ்சினால் கண்ணுக்கு இடைவிடாமல் ஒற்றடம் கொடுக்க வேண்டும் என்றும், உறங்கும்போது ரோஜா எண்ணெயில் அடித்த முட்டையின் வெண்கருவை இட வேண்டும் என்றும் மருத்துவம் சொல்கிறார்.

இன்று கண் மருத்துவரிடம் செல்லும் நோயாளி காலையில் இமை ஒட்டிக்கொள்வதையும் இமை ஓரத்தில் காய்ந்த பீளை படிவதையும் சொன்னால், மருத்துவர் முதலில் கூறுவது வெந்நீர் ஒற்றடமே ஆகும். ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அந்த ஒற்றடம் நிலைத்திருக்கிறது. ஆனால் அது ஏன் பயன் தருகிறது என்பதற்கு இப்னு ஸீனா சொன்ன காரணம் நிலைக்கவில்லை. உடலின் நால்வகைத் திரவங்களின் ஏற்றத்தாழ்வே நோய் என்பது அக்காலக் கொள்கை. முட்டை வெண்கருவும் நிலைக்கவில்லை. நோய்க் கிருமியைக் கண்ணில் சேர்க்கக்கூடிய அதனை இன்று எவரும் பரிந்துரைப்பதில்லை. அவர் கண்டது நின்றது, கருதியது மாறியது. இதனை ஒப்புக்கொள்வதால் முன்னோரின் பெருமை குறைந்துவிடாது. கண்டதை உள்ளவாறு எழுதி வைத்த நேர்மையே அவர்களுடைய பெருமை.

ஊற்றும் எண்ணெயும்

கண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற எளிய வினாவுக்கே நெடுங்காலம் சரியான விடை கிடைக்கவில்லை. மூளை குளிர்ந்த, ஈரமான உறுப்பு. அதில் மிகுந்த நீரே கண் வழியே வடிகிறது என்ற பழங்கருத்து பல நூற்றாண்டுகள் ஆண்டது.

டென்மார்க்கில் பிறந்த நீல்ஸ் ஸ்டென்சன், ஹாலந்தின் லைடன் நகரில் மாணவராயிருந்தபோது விலங்குகளின் தலைகளை அறுத்து ஆராய்ந்தார். கண்ணின் மேற்புறம் உள்ள சுரப்பியிலிருந்து நுண்ணிய குழாய்கள் இமையின் உட்புறத்தில் வந்து திறப்பதை அவர் கண்டார். கண்ணீர் இச்சுரப்பியில் ஊறுகிறது, கண்ணை நனைத்து இமையின் இயக்கத்தை எளிதாக்குவதே அதன் பணி என்று 1662ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. மூளையிலிருந்து இறங்கும் நீர் என்ற கருத்துக்கு அத்துடன் அடித்தளம் ஆட்டம் கண்டது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1666ஆம் ஆண்டில், ஜெர்மானியரான ஹைன்ரிக் மைபோம் இமையின் ஓரத்தில் வரிசையாக அமைந்த சிறு சுரப்பிகளை விவரித்தார். அவர் பெயராலேயே அவை மைபோமியன் சுரப்பிகள் என்று அழைக்கப்படுகின்றன. அவற்றில் சுரப்பது நீரன்று, ஒருவகை எண்ணெய். அந்த எண்ணெய் கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, நீர் ஆவியாகாமல் காக்கிறது. இச்சுரப்பிகளின் வாய் அடைபட்டு எண்ணெய் இறுகிப்போனால், ஊற்றில் நீர் குறையாமல் இருந்தும் கண் காய்ந்துவிடும். உலகில் காணப்படும் வறண்ட கண் நோயில் இவ்வகையின் பங்கே பெரிது என்று இன்று அறியப்படுகிறது. வெந்நீர் ஒற்றடத்தின் இரகசியமும் இதுவே. உறைந்த நெய் சூட்டில் உருகுவதுபோல் இறுகிய எண்ணெய் இளகி வெளிவருகிறது.

1946ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் யூஜீன் உல்ஃப், கண்ணீர்ப் படலத்தை மேலே எண்ணெய், நடுவே நீர், அடியில் கோழைபோன்ற வழவழப்புப் பொருள் என மூன்று அடுக்காக விளக்கினார். நீரும் வழவழப்புப் பொருளும் தனித்தனி அடுக்காக நில்லாமல் ஒன்றோடொன்று கலந்தே இருக்கின்றன என்பது பிற்கால ஆய்வு. மூன்றும் வேண்டும், மூன்றில் ஒன்று குறைந்தாலும் படலம் கிழியும் என்பதில் மாற்றமில்லை.

வடிதாளும் ஓர் ஆய்வேடும்

வறட்சியை அளந்து பார்க்கும் முறை 1903ஆம் ஆண்டில் வந்தது. ஓட்டோ ஷிர்மர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், மெல்லிய வடிதாள் துண்டின் ஒரு நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் செருகி, ஐந்து நிமிடங்களில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்த்தார். பத்து மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் ஊற்று நலமாயுள்ளது என்றும், ஐந்துக்கும் குறைந்தால் வறட்சி கடுமை என்றும் பொதுவாகக் கொள்வர். நூற்றாண்டு கடந்தும் இச்சோதனை வழக்கில் உள்ளது.

இந்நோய் கண்ணோடு நின்றுவிடாது என்பதை உலகுக்குச் சொன்னவர் ஸ்வீடன் நாட்டின் ஹென்ரிக் ஷோகிரென். கண்ணும் வாயும் ஒருங்கே வறண்டு, மூட்டு வலியாலும் வருந்திய பெண்கள் அவரிடம் வந்தனர். பத்தொன்பது பெண்களின் நோய் வரலாறுகளைத் தொகுத்து 1933ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் அவர் அளித்த ஆய்வேட்டுக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைக்கவில்லை. பல்கலைக்கழக ஆசிரியர் பதவிக்கு வழி திறக்கவுமில்லை. 1943ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர் ஒருவர் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்த பின்னரே உலகம் கவனித்தது. உடலின் காப்புப் படையே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்கும் அந்நோய் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கண் எரிகிறது, நாக்கு ஒட்டுகிறது, விரல் மூட்டுகள் வலிக்கின்றன என்று ஒரு தாய் மூன்று குறைகளைச் சொல்லும்போது, அவற்றை மூன்று தனிக் குறைகளாக எண்ணிவிடாமல் மருத்துவரிடம் ஒருங்கே சொல்ல வேண்டும்.

2007ஆம் ஆண்டிலும் 2017ஆம் ஆண்டிலும் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி வெளியிட்ட அறிக்கைகள், வறண்ட கண் வெறும் நீர்க்குறைவு அன்று, கண்ணீரின் உப்புச் செறிவு மிகுந்து கண்ணின் மேற்பரப்பில் அழற்சி மூளும் நோய் என்று தெளிவுபடுத்தின. அந்த அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்துக்கு அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டிலேயே அனுமதி கிடைத்திருந்தது.

வறட்சியில் மற்றொரு வகை

இதுவரை சொன்னது பெரும்பாலும் முதியோரின் நோய். குழந்தைகளுக்கு வரும் வறட்சி வேறு. வைட்டமின் ஏ குறைவால் முதலில் மாலைக்கண் தோன்றும். பின்பு கண்ணின் வெண்ணிறப் பகுதி பளபளப்பிழந்து, நுரை படிந்தாற்போன்ற புள்ளிகள் காணும். இறுதியில் கருவிழி குழைந்து பார்வை அழியும். அந்நுரைப் புள்ளிகளை 1863ஆம் ஆண்டில் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் பிட்டோவின் பெயராலேயே அவை வழங்குகின்றன. மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரலை இப்னு ஸீனாவும் எழுதியுள்ளார். ஈரலில் வைட்டமின் ஏ செறிந்திருப்பதை 1913ஆம் ஆண்டில் அச்சத்தைக் கண்டறிந்த பிறகே உலகம் விளங்கிக்கொண்டது. இங்கும் முன்னோர் கண்டது சரி. காரணம் பின்னால் வந்தது.

முதல் உலகப் போர்க் காலத்தில் டென்மார்க் தன் வெண்ணெயை விலைக்கு ஆசைப்பட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பியது. ஏழைக் குழந்தைகள் கொழுப்பு நீக்கிய பாலையும் தாவரக் கொழுப்பையும் உண்டு கண் வறண்டனர். ஏற்றுமதி தடைப்பட்டு வெண்ணெய் உள்நாட்டிலேயே தங்கியபோது நோய் மறைந்தது. இதனைக் கோபன்ஹேகன் மருத்துவர் கார்ல் பிளாக் பதிவு செய்தார். ஒரு நாட்டின் வாணிகம் அதன் குழந்தைகளின் கண்ணில் எழுதிய கணக்கு இது.

இவ்வரலாற்றில் தமிழகத்துக்கும் இடமுண்டு. இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் ஆய்வு நடத்திய ஆல்ஃப்ரட் சோமர், வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை 1986ஆம் ஆண்டில் வெளியிட்டபோது பலர் ஐயுற்றனர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லைலா ரஹ்மத்துல்லாஹ்வும் குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் ஓராண்டு ஆய்ந்தனர். வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. அவ்வாய்வு 1990ஆம் ஆண்டில் வெளியாயிற்று. குழந்தையின் கண் வறள்வது உயிருக்கே விடுக்கப்படும் எச்சரிக்கை என்பதை அது உறுதிப்படுத்தியது. ஆகவே அந்தி மங்கியதும் பிள்ளை தட்டித் தடுமாறினால், சொட்டு மருந்து வாங்கி விட்டுக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். முருங்கைக் கீரை, முட்டை, பால், பப்பாளி, மாம்பழம் ஆகியவை வரும்முன் காக்கும் உணவுகள்.

அழும் கண்ணும் வறண்ட கண்ணே

முதியோரின் நோய்க்கு மீள்வோம். இதில் பலரை ஏமாற்றும் குறி ஒன்றுண்டு. காற்று பட்டால் கண்ணில் நீர் கொட்டுகிறது, ஆதலால் என் கண் வறண்டதன்று என்பர். கண்ணின் மேற்பரப்பு காய்ந்து உறுத்தும்போது, அவ்வுறுத்தலுக்கு மறுமொழியாகச் சுரப்பி திடீரென நீரைக் கொட்டுகிறது. எண்ணெய்ப் படலம் இல்லாத அந்நீர் கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்து ஓடிவிடும். வெள்ளம் போன பின்னும் வயல் காய்ந்து கிடப்பது போன்றது இது. கண்ணீர் வடியும் குழாய் அடைபட்டாலும் நீர் வழியும் என்பதால், எது என்று மருத்துவரே சோதித்துச் சொல்ல வேண்டும்.

வேறு சில அடையாளங்களும் உண்டு. மங்கிய எழுத்து கண்ணைச் சிமிட்டியதும் தெளிவாகும். மாலையிலோ நெடுநேரம் படித்த பின்போ தொல்லை மிகும். மின்விசிறிக்கு நேரேயும், குளிரூட்டிய அறையிலும், நெடுந்தூரப் பேருந்தின் சன்னலோரத்திலும் எரிச்சல் கூடும். நாம் சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறையளவில் இமைக்கிறோம். புத்தகத்திலோ கைப்பேசித் திரையிலோ மனம் ஊன்றும்போது அது பாதியாகவும் அதற்கும் கீழாகவும் குறைந்துவிடுகிறது. ஒவ்வாமைக்கும் மன நோய்க்கும் தரும் சில மாத்திரைகளும், மாதவிடாய் நின்ற பருவமும், நீரிழிவும், கண்ணின் மேல் பொருத்தும் வில்லைகளும் வறட்சியை வளர்க்கும்.

பேணும் முறை

முதல் மருத்துவம் பழக்கத்தில் உள்ளது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பார்வையை எடுத்துத் தொலைவில் செலுத்தி, இமைகளை முழுமையாக மூடித் திறக்க வேண்டும். விசிறிக் காற்று முகத்தில் நேரே படாமல் படுக்கையை மாற்றலாம். புகையினின்று விலக வேண்டும். விறகடுப்பின் முன் அமரும் பெண்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

இரண்டாவது, இமையின் பராமரிப்பு. தூய துணியைத் தாங்கும் அளவு வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகளின் மீது ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்க வேண்டும்; ஆறினால் மீண்டும் நனைக்க வேண்டும். பின்பு இமையை முடியோரம் நோக்கி மென்மையாக நீவி, ஓரத்தைத் துடைக்க வேண்டும். ஒருநாள் செய்து விட்டுவிட்டால் பயனில்லை. வாரக்கணக்கில் தொடர வேண்டும்.

மூன்றாவது, செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகள். நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் தேவைப்படுவோர், கெடாமல் காக்கும் இரசாயனம் சேராத வகையை மருத்துவரிடம் கேட்டுப் பெறுவது நல்லது. அந்த இரசாயனமே கண்ணை உறுத்தக்கூடும். இவற்றால் அடங்காதபோது அழற்சியைத் தணிக்கும் மருந்துகளும், கண்ணீர் வடியும் துளையைச் சிறு அடைப்பானால் மூடும் முறையும் உள்ளன. மீன் எண்ணெய் மாத்திரை பெரிதும் புகழப்பட்டது. 2018ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வொன்றில், ஒப்பிடுவதற்காகக் கொடுத்த ஆலிவ் எண்ணெயைவிட அது மேலானதாகக் காணப்படவில்லை.

செய்யத் தகாதவையும் உள. தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், பச்சிலைச் சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடுதல் கூடாது; கருவிழிப் புண்ணுக்கு அவை வழிவகுக்கும். சிவப்பை உடனே நீக்கும் சொட்டுகளைக் கடையில் தாமே வாங்கி நெடுநாள் விடுவதும் தீங்கு. அவற்றுள் ஸ்டீராய்டு கலந்தவை கண் நீர் அழுத்த நோயையும் கண்புரையையும் உண்டாக்கிப் பார்வையைப் பறிக்கக்கூடும்.

சுர்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘இஸ்மித்’ என்னும் அஞ்சனக் கல்லுக்கு நம் மரபில் உள்ள மதிப்பை யாவரும் அறிவர். ஆனால் இன்று சுர்மா என்ற பெயரில் விற்கப்படும் பொடிகள் பல நாடுகளில் சோதிக்கப்பட்டபோது, அவற்றுள் பலவும் காரீயக் கல்லால் ஆனவை என்று கண்டறியப்பட்டது. காரீயம் குழந்தைகளின் இரத்தத்திலும் மூளையிலும் கேடு செய்யும் நஞ்சு. அஞ்சனத்தின் சிறப்பைப் போற்றுவோர், அதன் பெயரால் விற்கப்படும் காரீயத்தையும் காக்கக் கடமைப்பட்டவர் அல்லர். பச்சிளங்குழந்தையின் கண்ணில் அதனை இடாதிருப்பதே அறிவுடைமை.

கண்ணில் கடும் வலி, வெளிச்சத்தைப் பார்க்க இயலாமை, திடீர்ப் பார்வைக் குறைவு, சீழ் வடிதல் ஆகியவை தோன்றினால் அது வெறும் வறட்சி என்று எண்ணிக் காலம் தாழ்த்தலாகாது.

வறண்ட கண் பெரும்பாலும் முற்றிலும் நீங்கிவிடும் நோயன்று. நாளும் பேணி அடக்கி வைக்கக்கூடிய நோய். பேணினால் மூத்தோர் தம் வாசிப்பையும் தையலையும் எழுத்தையும் தொடரலாம். அதற்கு முதற்படி, வீட்டில் ஒருவர் ‘கண் உறுத்துகிறது’ என்று சொல்லும்போது அதனை முதுமையின் முனகல் என்று கருதிவிடாமல், அவர் கண்ணைக் கூர்ந்து பார்ப்பதே ஆகும். கஹ்ஹால்களின் கல்வியும் அவ்வாறு கூர்ந்து பார்ப்பதிலிருந்தே தொடங்கிற்று.